ஐசிங்கின் சிவப்பு யாருடையது?

வன்னியில், கிளிநொச்சியிலோ வவுனியாவிலோ சாமத்திய வீட்டுக்குக் கேக் ஓடர் கொடுக்கிறவர்கள் இப்போது பிள்ளையின் சேலையையும் படமெடுத்து அனுப்பிவிடுகிறார்கள். சேலை அரக்குச் சிவப்பென்றால் கேக்கும் அரக்குச் சிவப்பாகவே இருக்க வேண்டும். இளஞ்சிவப்பில் வந்து நின்றால் மாமிமார் சும்மா விடமாட்டார்கள். வீட்டில் கேக் செய்து விற்கும் பெண்ணுக்கு இது தொழில் சிக்கல். சைவ சித்தாந்திக்கோ மெய்கண்டார் காலத்து வழக்கு: ஒரு பொருளில் தெரிகிற நிறம் அந்தப் பொருளுடையதா, அதனோடு வந்து சேர்ந்ததனுடையதா?

தார்க்கிகர்கள் இந்த வழக்கைக் குயவனின் சூளையில் வைத்து நடத்தினார்கள். கறுத்த பச்சைக் குடம் சூளையிலிருந்து சிவந்து வருகிறது. குடம் தீயில் அணு அணுவாகப் பிரிந்து, அணுக்கள் சிவந்து, மறுபடி கூடிக் குடமாகின்றன என்றார்கள் வைசேடிகர். இடையில் எப்போது பார்த்தாலும் அதே குடமாகத்தானே தெரிகிறது, குடம் குடமாக இருந்தபடியே சிவக்கிறது என்றார்கள் நையாயிகர். அவணுக்குள் கேக்கின் மேல்பக்கம் பொன்னிறமாவதில் இந்த வாதத்துக்கு இடமுண்டு. ஐசிங்கைத் தீ தொடுவதில்லை. அதன் சிவப்பு முழுக்க வெளியிலிருந்து வருவது.

அங்கேதான் படிகம் வருகிறது. செம்பரத்தம்பூவின் அருகில் வைத்த படிகம் சிவப்பாகத் தெரியும். அந்தச் சிவப்பு வெறும் தோற்றம், படிகத்தை அது தீண்டவே இல்லை என்பார்கள் அத்வைதிகள். ஆன்மாவின் கட்டும் அவர்களுக்கு அப்படியே. 13ஆம் நூற்றாண்டில் சிவஞானபோதத்தின் பன்னிரண்டு சூத்திரங்களைத் தந்த மெய்கண்டாரும் படிகத்தை எடுத்தாண்டார். ஆனால் அவர் மரபு கண்ட முடிவு வேறு. எதைச் சார்ந்தாலும் அதன் தன்மையாக நிற்பது ஆன்மாவின் இயல்பு; கட்டும் மெய், விடுதலையும் மெய். பதி (இறைவன்), பசு (உயிர்), பாசம் (கட்டு) என்று வன்னிப் பிள்ளைகள் சைவநெறிப் பாடத்தில் படிக்கிற மூன்றுக்கும் அடியில் இந்த எண்ணம் கிடக்கிறது.

ஐசிங் அடிக்கிற கோப்பை யார் பக்கம் பேசுகிறது?

பட்டர் பிறப்பிலேயே மஞ்சள். அதில் நீலத்தை விட்டால் பச்சை சாயும். ஊதாவை விட்டால் மங்கிப்போகும். அதனால் கைதேர்ந்தவர்கள் கலரைத் தொடுமுன் பட்டரை வெளிறும்வரை பீற்றரால் அடிக்கிறார்கள். சிறு போத்தலில் விற்கும் கலர் தண்ணீரில் கரைந்தது, கொழுப்போடு ஒட்டாது. கூட்டி ஊற்ற ஊற்ற ஐசிங் திரியுமே தவிர நிறம் ஆழப்படாது. தண்ணீர் குறைந்த ஜெல் கலரோ கொழுப்பில் கலக்கும் கலரோ வேண்டும். கறுப்பு வேண்டுமென்றால் கொக்கோ போட்ட பழுப்பிலிருந்து தொடங்குவது புத்திசாலித்தனம். சிவப்புக்கு எல்லாவற்றையும்விடப் பொறுமை வேண்டும். இரவு இளஞ்சிவப்பாக மூடி வைத்த ஐசிங் காலையில் ஒரு படி ஏறிச் சிவந்திருக்கும், ஏனென்றால் கலர் கரைந்து பரவ நேரம் எடுக்கிறது. பொறுக்காமல் மேலும் மேலும் ஊற்றினால் கைப்புத்தான் மிச்சம். வன்னியில் இன்னொரு வில்லங்கமும் உண்டு: பட்டர் 32 பாகை செல்சியசை அண்டியதும் உருகப் பார்க்கும், சித்திரை வெயிலோ அதைத் தாண்டி நிற்கும். 2022இன் நீண்ட மின்வெட்டுகளில் பிறிட்ஜும் கைவிட்டது.

சித்தாந்தம் படித்தவர் இதைக் கேட்டால் சிரிப்பார். செம்பில் களிம்புபோல உயிரோடு உடன்பிறந்தது ஆணவம் என்ற மலம் என்று நூல்கள் சொல்வதைத்தான் பட்டரின் மஞ்சள் செய்துகாட்டுகிறது. மலம் பக்குவப்படாமல் அருள் பதியாது; வெளிறாத பட்டரில் நீலம் நீலமாக நிற்காது. அதற்காக உவமையை இழுத்துக்கொண்டே போகவும் முடியாது. பூவை எடுத்துவிட்டால் படிகம் தெளிந்துவிடும், கலந்த கலரை ஐசிங்கிலிருந்து யாராலும் பிரிக்க முடியாது. பாசம் நீங்குவதற்கு ஐசிங் உதவாத உவமை. இறைவனும் உயிரும் பிரிவின்றி நிற்பதற்குப் பண்ணும் ஓசையும், பழமும் சுவையும் என்று மெய்கண்டார் இரண்டாம் சூத்திரத்தில் காட்டினாரே, அந்த வரிசையில் வேண்டுமானால் இதற்கும் ஓர் இடம் கொடுக்கலாம். அதிலும் ஒரு குறை: உயிர் தான் சார்ந்ததை அறியும், ஐசிங் அறியாது.

வெளிச்சத்தையும் மறக்கக் கூடாது. பார்ப்பவர் இல்லாவிட்டால் நிறமும் இல்லை என்று 1623இல் கலிலியோ எழுதினார். வீட்டில் சேலையோடு ஒத்துப்போன சிவப்பு, மண்டபத்து எல்ஈடி விளக்கின்கீழ் வேறாகத் தெரிவது கேக் செய்பவர்களுக்குப் பழகிய தலையிடி. சித்தாந்திகள் இதையும் விடவில்லை. கண்ணுக்குக் காணும் ஆற்றல் இருந்தாலும் ஒளியின்றிக் காணாது, உயிரும் அருளின்றி அறியாது என்பது அவர்கள் கட்சி.

இதே அடுப்படிகளில் மே மாதம் முள்ளிவாய்க்கால் கஞ்சி காய்ச்சப்படுகிறது. அரிசி, தண்ணீர், உப்பு. 2009இல் போரின் முடிவில் அங்கே சிக்கியிருந்த சனம் குடித்து உயிர் தக்கவைத்தது அது. நினைவு நாளான மே 18இல் கஞ்சி காய்ச்சிய கை அடுத்த கிழமை சிவப்பு ஐசிங் அடிப்பது துக்கத்துக்குச் செய்யும் துரோகமா? இரண்டும் தோற்றம் என்று அத்வைதி தள்ளிவிடலாம். சித்தாந்தம் அந்தச் சலுகையைத் தருவதில்லை. துக்கமும் மெய், பிள்ளையின் சடங்கும் மெய், இரண்டையும் சார்ந்து இரண்டையும் அனுபவிப்பது ஒரே உயிர். வன்னி மண்ணுக்கு இந்த விடைதான் பொருந்துகிறது.

மிச்சமிருப்பது சைவச் சாப்பாட்டின் கேள்வி. கார்மைன் என்ற சிவப்பு, கள்ளிச்செடியில் வாழும் கொச்சினீல் பூச்சியை உலர்த்தி எடுப்பது. ஓர் இறாத்தல் சாயத்துக்கு ஏறத்தாழ 70,000 பூச்சிகள் போகின்றன. மரக்கறி உண்பவர்கள் எதிர்த்ததால் 2012இல் ஸ்டார்பக்ஸ் நிறுவனமே அதைக் கைவிட்டுத் தக்காளிச் சாயத்துக்கு மாறியது. லேபலில் கார்மைனின் எண் ஈ120. விரதகாரர் வீட்டுக்குச் சிவப்புக் கேக் செய்கிறவர்கள் போத்தலைத் திருப்பி அந்த எண்ணைப் பார்த்துவிட்டு மூடியைத் திறக்கட்டும். றோயல் ஐசிங்கில் முட்டை வெள்ளைக்கரு இருப்பதையும் ஓடர் எடுக்கும்போதே சொல்லிவிடட்டும்.