வருகைப் பதிவேடும் வாய்மையும்

நம் வட்டாரத்துப் பிள்ளைகள் பொறியியல் கல்வி பெறுவதற்குச் சென்னை மாநகரையே நாடவேண்டியிருந்த நிலை மாறிவிட்டது. ஆரணி, திண்டிவனம், விழுப்புரம் ஆகிய ஊர்களில் அண்ணா பல்கலைக்கழகத்தின் உறுப்புக் கல்லூரிகள் அமைந்துள்ளன. காலையில் பேருந்து ஏறி மாலையில் இல்லம் திரும்பும் மாணவர்கள் அங்கே பலர். குடும்பத்திலேயே முதன்முதலாகக் கல்லூரி வாயிலை மிதிப்போரும் உளர். 2010ஆம் ஆண்டு வந்த முதல் பட்டதாரிக் கட்டணச் சலுகையும், 2021ஆம் ஆண்டு அரசுப் பள்ளி மாணவர்க்கென வந்த 7.5 விழுக்காட்டு ஒதுக்கீடும் இத்தகையோர்க்குக் கதவு திறந்துவிட்டன. இவ்வாறான சிறு வளாகம் ஒன்றில் கல்விப் பணிகளுக்குத் தலைமை ஏற்றிருப்பவர் எதிர்கொள்ளும் ஓர் அறச்சிக்கலை இவண் எண்ணிப் பார்க்க விழைகிறோம். ஆசிரியப் பணியைப் போற்றி மேற்கொண்ட குடும்பங்கள் நம்மிடையே பல ஆதலின், இது நமக்கு அயலான பொருள் அன்று.

பெரிய பல்கலைக்கழகத்தில் பாடத்திட்டத்திற்கு ஒருவர், தேர்வுக்கு ஒருவர், மாணவர் நலனுக்கு ஒருவர் எனப் பணிகள் பிரிந்து கிடக்கும். சிறு வளாகத்தில் அனைத்தும் புல முதல்வரின் ஒரே மேசைக்கு வந்து சேரும். கால அட்டவணை வகுத்தல், எந்தப் பாடம் எந்த ஆசிரியர்க்கு என முடிவு செய்தல், ஆள் போதாதபோது தற்காலிக விரிவுரையாளரைத் தேடுதல், அகமதிப்பீட்டு மதிப்பெண்களைச் சரிபார்த்தல், வருகைக் குறைவுள்ளோர் பட்டியலில் ஒப்பமிடுதல் ஆகிய யாவும் அவர் பொறுப்பே. இவற்றுள் இறுதியாகச் சொன்னதே மிக எளியது போலத் தோன்றும். உள்ளத்தை மிகுதியும் உறுத்துவது அதுவே.

விதி தெளிவானது. பருவத் தேர்வு எழுத 75 விழுக்காடு வருகை வேண்டும். 65 விழுக்காட்டிற்குக் குறையாமல் 75ஐ எட்டாதோர், தாம் மருத்துவமனையில் இருந்தமைக்கோ, விபத்துக்கோ, குறிப்பிட்ட நோய்க்கோ உரிய சான்று தந்தால், அல்லது உரிய முன் அனுமதியுடன் விளையாட்டுப் போட்டிகளில் கலந்துகொண்டிருந்தால், விலக்குப் பெறலாம். ஏனையோர் தேர்வு எழுத இயலாது. அப்பருவத்தை அடுத்த கல்வியாண்டில் மீண்டும் படித்தல் வேண்டும்.

இனி ஒரு நிலையைக் கற்பனை செய்து கொள்வோம். வந்தவாசிப் பக்கத்துச் சிற்றூர்ப் பெண் ஒருத்தி. தாய் நோயுற்று அரசு மருத்துவமனையில் படுத்திருக்கிறாள். தந்தைக்கு அறுவடைக் காலம். விட்டுவிட்டு வந்து அமர இயலாது. மகளே தாயின் கட்டிலருகே இருந்து கவனிக்கிறாள். 90 வேலை நாட்கள் கொண்ட பருவத்தில் 26 நாட்கள் கல்லூரிக்கு வர இயலவில்லை. வருகை 71 விழுக்காடு. நோயுற்றவள் தாய், விதி கேட்பதோ மாணவியின் நோயை.

தேர்வுக்கு முந்தைய வாரம் அவள் புல முதல்வரின் அறை வாயிலில் வந்து நிற்கிறாள். அவள் பொய் சொல்பவள் அல்லள் என்பதை அவர் அறிவார். சிறு வளாகத்தில் எவர் பிள்ளை, எவ்வூர், என்ன வறுமை என்பது தெரியாமல் இருப்பதே அரிது. அந்த இரக்கத்தில் அவர் நாவில் எழக்கூடிய சொல், “உன் பெயரில் ஒரு மருத்துவச் சான்றிதழ் வாங்கி வந்துவிடம்மா, நான் பார்த்துக்கொள்கிறேன்” என்பதாகும். நல்லவர்கள் பலரும் சொல்லக் கூடிய சொல்லே இது. சொல்பவர்க்கு இதனால் தனிப்பட்ட ஆதாயம் எதுவும் இல்லை.

எனினும் இச்சொல்லால் நிகழ்வதைச் சற்று நின்று நோக்குவோம். மருத்துவர் ஒருவர் இல்லாத நோயை எழுதுகிறார். மாணவி அதன் கீழ்க் கையொப்பமிடுகிறாள். பொய் என்று அறிந்தே ஆசிரியர் அதைப் பரிந்துரைக்கிறார். மூவர் சேர்ந்து ஒரு பொய்யை உண்டாக்கினர். மூவருள் இளையவள் அதைக் கற்றுக்கொண்டது கல்விக்கூடத்தில். தாயைப் பேணியதற்காக அவள் நாணவேண்டியது எதுவும் இல்லை. அந்த நற்செயலை மறைத்து, செய்யாத ஒன்றை எழுதச் சொல்கிறோம். இதனை இரக்கம் என்று அழைக்க நம் நெஞ்சு ஒப்பவில்லை.

“உயிர்க்கு உறுகண் செய்யாமை அன்றோ முதல் அறம்? ஒரு பெண்ணின் ஓராண்டு வீணாவது இம்சை அன்றோ?” என வினவுவோர் இருப்பர். வினா நேர்மையானது. விதியைக் காட்டிக் கதவைச் சாத்திவிட்டு, தான் தூய்மையாக இருந்துவிட்டதாக மகிழும் அதிகாரியை நாமும் ஏற்கவில்லை. ஆயினும் பிறர்க்கு நேரும் தீங்கை எண்ணுங்கால் கண்முன் நிற்பவரை மட்டும் எண்ணுதல் போதாது. காய்ச்சலோடும் வகுப்பில் வந்து அமர்ந்த மாணவன் அறை வாயிலுக்கு வருவதில்லை. சான்றிதழுக்குப் பணம் கொடுக்க இயலாமல் ஓராண்டை இழந்தவனும் வருவதில்லை. மேலும், பொய்ச் சான்றுகள் பெருகிய இடத்தில் மெய்யாகவே நோயுற்றவன் கொண்டுவரும் தாளும் ஐயத்தோடுதான் புரட்டப்படும். 2024ஆம் ஆண்டில், ஒரே ஆசிரியரின் பெயர் ஒரே காலத்தில் பல தனியார் பொறியியல் கல்லூரிகளின் பட்டியல்களில் இடம்பெற்றிருந்தமை வெளிப்பட்டு நாடே திகைத்தது. அங்கே நோக்கம் இரக்கம் அன்று. ஆயினும் தாளில் சரியாக இருந்தால் போதும் என்னும் அதே பழக்கமே அங்கும் வேலை செய்தது.

பவணந்தி முனிவர் நன்னூலில் நல்லாசிரியர்க்கு நிலம், மலை, நிறைகோல், மலர் ஆகிய நான்கையும் உவமை கூறியிருப்பதை நாம் அறிவோம். வருகைப் பட்டியலின் முன் அமர்ந்திருப்பவர்க்கு நிறைகோல் ஒன்றே நினைவுக்கு வரும். நிலமும் அவ்வரிசையில் இருப்பதை மறத்தலாகாது. நிலத்தின் பொறுமை வெறுமனே தாங்கிக்கொண்டிருக்கும் பொறுமை அன்று; உழவனின் முயற்சிக்கு ஏற்ப, பருவத்தில், பயன் தருவது. பருவம் தவறிய பின் உழுது என்ன பயன்?

இங்கேதான் நம் கருத்து நிலைகொள்கிறது. மாணவர்களை நேரில் அறிந்திருத்தல் என்பது சிறு வளாகத்தின் பெருஞ்செல்வம். அச்செல்வத்தைப் பருவத்தின் இறுதி வாரத்தில் செலவிட்டால் அது சலுகையாகவும் பொய்யாகவும் மாறுகிறது. தொடக்கத்தில் செலவிட்டால் அதுவே கடமையாகிறது. 90 நாட்களில் 22 நாட்கள் வரை விடுபட விதியே இடம் தருகிறது. மேற்கூறிய பெண் தவறவிட்டது 26. இடைவெளி நான்கே நாட்கள்! அவள் தொடர்ந்து வராத ஐந்தாம் நாளில் ஒருவர் தொலைபேசியில் அழைத்து, “அம்மாவுக்கு எப்படி இருக்கிறது? இன்னும் எத்தனை நாள் ஆகும்? சித்தியோ அத்தையோ வந்து மாற்றிவிட இயலுமா?” என்று வினவியிருந்தால், அந்நான்கு நாட்களை மீட்டிருக்கக் கூடும்.

ஆனால் ஐந்தாம் நாளைக் கவனிப்பவர் யார்? புல முதல்வர் ஒருவரே எல்லாப் பெயரையும் நினைவில் வைத்திருத்தல் இயலாது. வகுப்பாசிரியர் கவனிக்க வேண்டும். அவர் மணிக்கணக்கில் ஊதியம் பெற்று, பாடம் முடிந்ததும் அடுத்த வேலைக்கு ஓடுபவராயின் எவ்வாறு கவனிப்பார்? 2019ஆம் ஆண்டு பல்கலைக்கழக மானியக் குழு, வருகைதரு விரிவுரையாளர்க்கு ஒரு விரிவுரைக்கு 1,500 ரூபாய், மாதத்திற்கு 50,000 ரூபாய்க்கு மிகாமல் என வரையறுத்தது. அதனினும் மிகக் குறைவாகப் பெற்றுப் பணிபுரிவோர் நம் உறவினர்களிலேயே உளர். அவர்க்கு உரியதைக் கொடாமல் மாணவர்பால் தாயுள்ளம் காட்டவில்லை என அவரைக் குறைகூறுதல் முறையோ? ஆகவே, நிரந்தர ஆசிரியர்கள் சிலராயினும் ஒவ்வொரு வகுப்பையும் அவர்களுள் ஒருவர்பால் ஒப்படைத்து, அதற்கென வாரத்தில் இரண்டு பாடவேளைகளைக் கால அட்டவணையிலேயே ஒதுக்குதல் புல முதல்வர் செய்யத்தக்கது. அவ்விரு பாடவேளைகளுக்காக ஓர் ஆய்வுக்கட்டுரை தாமதமானால் ஆகட்டும்.

இவ்வளவு செய்த பின்னும் 71 விழுக்காட்டோடு ஒருத்தி வந்து நிற்கக் கூடும். அப்போது உண்மைக் காரணத்தையே எழுதி, தாயின் மருத்துவமனைத் தாள்களை இணைத்து, தம் கையொப்பத்தோடு பல்கலைக்கழகத்திற்கு விண்ணப்பம் அனுப்புதல் அவர் கடன். ஏற்கப்படலாம், மறுக்கப்படவும் கூடும். மறுக்கப்பட்டால் அச்செய்தியை அறிவிப்புப் பலகை சொல்லலாகாது. அவரே அழைத்து, அமரச் செய்து, சொல்ல வேண்டும். மீண்டும் படிக்கும் பருவத்திற்குக் கட்டணம் எவ்வளவு, முதல் பட்டதாரிச் சலுகை தொடருமா, அரசுப் பள்ளியில் பயின்று வந்தவளாயின் 2022 முதல் வழங்கப்படும் புதுமைப் பெண் திட்டத்தின் மாதம் 1,000 ரூபாய் நின்றுவிடுமா என்பனவற்றை அவள் அலைந்து திரிந்து அறியாதவாறு அலுவலகத்தாரைக் கொண்டு அன்றே கேட்டறிந்து கூற வேண்டும். அவள் தந்தைக்கும் ஒரு கடிதம் எழுத வேண்டும், மகள் படிப்பில் தவறியவள் அல்லள் என்று.