இரண்டு துடிப்புகளுக்கு நடுவே

மண்டபத்தில் கரைவலை இழுத்து முடிந்த காலை. மீன் வெட்டுகிற அம்மா ஒரு பாறை மீனின் செவுளைப் பிடுங்கி எறிந்தார். கூடவே வந்த இதயம் பலகை ஓரத்தில் விழுந்தது. கருஞ்சிவப்பு, மூன்று மூலை. சுருங்கியது, விரிந்தது, மறுபடி சுருங்கியது. எனக்கு அது விரிவதைப் பார்க்கத்தான் ஆசை.

கால்சியம் வந்தால்தான் இதயத்தசை சுருங்கும். 1883-லேயே தெரிந்த விஷயம் இது. லண்டனில் சிட்னி ரிங்கர் வைத்திருந்த தவளை இதயம், குழாய்த் தண்ணீரில் கலந்த உப்புக்கரைசலில் துடித்தது. காய்ச்சி வடித்த தண்ணீரில் கலந்ததும் சோர்ந்து நின்றது. குழாய்த் தண்ணீரில் கால்சியம் இருந்தது, அவ்வளவுதான். வந்த கால்சியம் எப்படிப் போகிறது என்பது புரிய இன்னும் பல பத்தாண்டுகள் ஆயின.

தளர்ந்திருக்கும் செல்லுக்குள் உள்ள கால்சியம், வெளியே இருப்பதில் ஏறக்குறைய பத்தாயிரத்தில் ஒரு பங்கு. ஓட்டை வள்ளத்தில் தண்ணீர் இறைப்பதுபோல ஒவ்வொரு துடிப்புக்கும் இறைத்தாக வேண்டும். மனித இதயத்தில் சுமார் 70 சதவீதத்தைச் செர்க்கா என்ற புரதப் பம்பு செல்லுக்குள்ளேயே இருக்கும் பைக்குள் இழுத்து வைக்கிறது. இரண்டு கால்சியத்துக்கு ஒரு ஏடிபி, அதாவது செல்லின் எரிபொருள் மூலக்கூறு ஒன்று, செலவு. அடுத்த துடிப்புக்கு அந்தச் சரக்கேதான் வெளியே வரும். மிச்சத்தில் பெரும்பகுதி செல் சவ்வு வழியே போகும்: மூன்று சோடியம் உள்ளே, ஒரு கால்சியம் வெளியே. எல்லாம் அரை நொடிக்குள்.

பெரும்பாலான மீன்களுக்கு இந்த உள்பை அவ்வளவு உதவாது. தேவையான கால்சியத்தில் பெரும்பங்கு ஒவ்வொரு தடவையும் வெளியிலிருந்தே வரவேண்டும். தென்கடலில் வரும் சூரை வேறு ஜாதி. ஓயாமல் நீந்துகிற மீன், பையும் பலமானது. வேகமாகத் துடிக்கிறவன் வேகமாகத் தளர்ந்தாக வேண்டும். நாம் பயந்து ஓடும்போதும் அட்ரினலின் செர்க்காவின் கடிவாளத்தை விட்டுக்கொடுக்கிறது. இதயத்தின் இடது கீழறைத் தசைக்கு ரத்தம் பெரும்பாலும் பாய்வதும் அந்தத் தளர்வில்தான்.

ஏலத்தில் விறைத்த மீனுக்குத்தான் மதிப்பு. அந்த விறைப்பு, ஏடிபி தீர்ந்துபோன தசை. கால்சியத்தை இறைக்க ஆளில்லை. பிடித்த பிடியை விடவும் தெம்பில்லை.

உயிரோடிருக்கும் இதயத்திலும் இதன் சாயல் உண்டு. செர்க்கா மந்தமானால் கால்சியம் தங்கும், அறை சரியாக விரியாது, ரத்தம் நுரையீரல் பக்கம் தேங்கி மூச்சு வாங்கும். அப்போதும் எக்கோ அறிக்கையில் இ.எஃப்., அதாவது ஒரு துடிப்பில் அறை வெளியே தள்ளும் ரத்தத்தின் பங்கு, 60 சதவீதம் என்று இருக்கலாம். அந்த எண்ணை மட்டும் பார்த்துவிட்டு மடித்து வைக்காதீர்கள். தளர்வைப் பற்றி ‘டயஸ்டாலிக்’ என்று ஒரு வரி இருக்கும். அது என்னவென்று டாக்டரிடம் கேளுங்கள்.