மேசைமேல் வைத்த குப்பி

ஓசூர்ப் பக்கம் புற்றுநோய் வந்த பலர் சிகிச்சைக்குப் போவது பெங்களூரு கித்வாய் மருத்துவமனைக்கு. கீமோ முடிந்து ஊர் திரும்பிய பின் வாந்தி, வலி, தூக்கமின்மை எல்லாவற்றுக்கும் அவர்கள் போய் உட்காருவது பக்கத்துத் தெரு குடும்ப டாக்டரிடம்தான். அப்படி ஒருவர், யாரோ சொன்னார்கள் என்று வாங்கிய விஜயா எண்ணெய்க் குப்பியை மேசைமேல் வைத்து, "இதை எடுத்துக்கலாமா டாக்டர்?" என்று கேட்கிறார் என்று வைத்துக்கொள்வோம். கஞ்சாச் செடியின் இலையைக் கொண்டு ஆயுர்வேத உரிமத்தின்கீழ் செய்யப்படும் மருந்து அது. 2020இல் பெங்களூரு கோரமங்கலாவில் அதற்கென்றே ஒரு சிகிச்சை நிலையம் திறந்தது. "கஞ்சா பேச்சே இங்க வேண்டாம்" என்று டாக்டர் குப்பியைத் தள்ளிவிடலாம். அவர் அப்படிச் செய்வது சரியா?

அவருடைய அச்சத்துக்குக் காரணம் இருக்கிறது. 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் தடுப்புச் சட்டம் கஞ்சாவின் பூவையும் பிசினையும் தடை செய்கிறது. பூ சேராத தனி இலையை அந்த வரையறைக்குள் வைக்கவில்லை. அந்த இலையில் செய்யும் பாங்கு இச்சட்டத்தில் வராது என்று கர்நாடக உயர் நீதிமன்றம் 2022இல் சொன்னது. ஆனால் குப்பிக்குள் இருப்பது இலைச்சாறா பூச்சாறா என்று ஜூஜூவாடி சோதனைச்சாவடியில் நிற்கும் காவலரால் கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. எம்.பி.பி.எஸ். படிப்பும் இதைப் பற்றி அதிகம் சொல்லித் தருவதில்லை. ஓசூர் இளந்தொழிலாளர் நிறைந்த ஊர். வேலைக்கு வந்த பையன்களைக் குறிவைத்துக் கஞ்சா சாக்லேட் விற்கப்படும் காலத்தில், டாக்டர் வாயிலிருந்து வரும் ஒரு மென்மையான சொல்லும் அனுமதியாகப் புரிந்துகொள்ளப்படலாம். இந்தக் கவலையை எளிதாக ஒதுக்கிவிட முடியாது.

ஆனாலும் அச்சம் மருத்துவத்தை வழிநடத்தினால் என்ன ஆகும் என்பதை இந்த நாடு ஒருமுறை பார்த்துவிட்டது. அதே 1985ஆம் ஆண்டுச் சட்டம் கடும் வலியைத் தணிக்கும் மார்ஃபினை மருந்தாகக் கொடுப்பதைத் தடுக்கவில்லை. ஆனால் ஒரு மருத்துவமனை மார்ஃபின் வைத்திருக்கப் பல துறைகளின் உரிமங்கள் தேவைப்பட்டன; கணக்கில் தவறினால் சிறை என்ற பயம் வேறு. மருந்துக்கடைகள் வாங்குவதை நிறுத்தின. மார்ஃபினைக் கையில் எடுக்காமலேயே மருத்துவர்கள் படித்து வெளியே வந்தார்கள். முற்றிய புற்றுநோயாளிகள் தணித்திருக்கக்கூடிய வலியோடு செத்தார்கள். 2014இல் சட்டத்தைத் திருத்தி, பின்னர் மார்ஃபின் உள்ளிட்ட ஆறு மருந்துகளை அத்தியாவசியமானவை என்று அறிவித்து உரிமமுறையை எளிதாக்கினார்கள். இடையில் ஏறக்குறைய முப்பது ஆண்டுகள் போய்விட்டன. அந்த வலிக்கு யாரும் பொறுப்பேற்கவில்லை. ஏனென்றால் குற்றம் சொல்லும்படி எந்த டாக்டரும் எதையும் செய்யவில்லை.

கஞ்சா மார்ஃபின் அல்ல. அதன் பயனுக்கான சான்றுகள் குறுகியவை. சில அரிய வலிப்பு நோய்களுக்குக் கஞ்சாவிலிருந்து எடுக்கப்படும் கன்னாபிடியால் மருந்தை அமெரிக்கா 2018இல் ஏற்றது. கீமோ வாந்திக்கும், தண்டுவட மரப்பு நோயில் (மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ்) வரும் தசை இறுக்கத்துக்கும் ஓரளவு பலன் உண்டு. பொதுவான வலிக்கு இதை ஆதரிக்க முடியாது என்று உலக வலி ஆய்வுச் சங்கம் 2021இல் கூறியது. ஆகவே பரிந்துரைக்க மறுக்கும் டாக்டரிடம் குறை காண முடியாது. அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் மருத்துவக் கஞ்சா சட்டப்படி கிடைத்த காலத்தில், 2013இல் வெளியான ஆய்வொன்றில் குடும்ப மருத்துவர்களில் 19 விழுக்காட்டினர்தான் மருத்துவர்கள் அதைப் பரிந்துரைக்க வேண்டும் என்றார்கள். ஆனால் 92 விழுக்காட்டினர் இதுபற்றித் தங்களுக்குத் தொடர்கல்வி வேண்டும் என்றார்கள். பரிந்துரைக்கத் தயங்கியவர்களும் அறிந்துகொள்ளத் தயங்கவில்லை.

பரிந்துரைக்க மாட்டேன் என்று சொல்ல டாக்டருக்கு உரிமை உண்டு. தெரிந்துகொள்ள மாட்டேன் என்று சொல்ல உரிமை இல்லை. தள்ளிவிடப்பட்ட குப்பி குப்பைத்தொட்டிக்குப் போகாது, நோயாளியின் வீட்டுக்குத்தான் போகும். அவர் ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் சாப்பிடுபவராக இருந்தால், கன்னாபிடியால் அதன் வீரியத்தைக் கூட்டி ரத்தக்கசிவில் கொண்டுபோய் விடலாம். வலிப்புக்கு குளோபசாம் எடுக்கும் பிள்ளைக்கு அளவுக்கு மீறிய மயக்கம் வரலாம். இரவு ஷிப்டில் பிரஸ் மெஷின் முன் நிற்பவருக்குக் கொஞ்சம் தூக்கக் கலக்கமே விரலைப் பறித்துவிடும். இதையெல்லாம் எடுத்துச் சொல்ல, முதலில் கோபப்படாமல் கேட்கவேண்டும். போதைக்கு அடிமையானவருக்கும் இதே நியாயம்தான்: திட்டு வாங்குவோம் என்று தெரிந்தால் உண்மையைச் சொல்லமாட்டார். நோயாளியின் ரகசியத்தைக் காக்கச் சொல்லும் 2002ஆம் ஆண்டின் மருத்துவ நெறிமுறை விதிகள் டாக்டரை அவர் பக்கம்தான் நிறுத்துகின்றன.

தமிழ்நாட்டரசின் 'மக்களைத் தேடி மருத்துவம்' 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கியது ஓசூர் இருக்கும் இதே கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில். வலி தணிப்புச் சிகிச்சையையும் வீட்டுக்கே கொண்டுபோகும் திட்டம் அது. குப்பி இருந்தால் அதை முதலில் பார்ப்பது வீட்டுக்குப் போகும் செவிலியர். அவர் சந்தேகம் கேட்பது டாக்டரிடம். ஐந்தாண்டுக்கு 30 மணி நேரத் தொடர்கல்வியை அதே 2002 விதிகள் டாக்டர்களுக்கு வைத்திருக்கின்றன. 2022இல் திறந்த கிருஷ்ணகிரி அரசு மருத்துவக் கல்லூரி அதில் ஒரு மணி நேரத்தை இதற்கு ஒதுக்கலாம். சான்று எது, சட்டம் எதுவரை, எந்த மாத்திரையோடு சேரக்கூடாது என்ற மூன்றையும் அந்த ஒரு மணி நேரத்தில் சொல்லிவிட முடியும்.