அழலும் வினையும்

சூரன்போர் அன்று லண்டன் ஆர்ச்வே வீதியில் உள்ள ஹைகேட் முருகன் கோயிலில் நின்றேன். ஆறு நாளும் பாலும் பழமும்தான். பக்கத்தில் நின்ற அன்ரி என் கையைப் பிடித்து, "சட்டியில் இருந்தால் அகப்பையில் வரும் பிள்ளை, யோசிக்காதை" என்றா. சட்டி விரதம் இருந்தால் கருப்பையில் பிள்ளை வரும் என்று அர்த்தம். அன்போடுதான் சொன்னா. ஆனால் எனக்கு இது 7ஆவது சட்டி. வராவிட்டால் விரதத்தில் குறையா, என்னில் குறையா?

யாழ்ப்பாணத்தில் இருக்கும் அம்மாவுக்கு விடை தெரியும்: முன்வினை.

13 வயதிலிருந்து மாதத்தில் இரண்டு நாள் சுடுதண்ணிப் பையை வயிற்றோடு அணைத்துச் சுருண்டு கிடப்பேன். முதலில் பார்த்த டொக்டர், பெண்களுக்கு இது வழமைதானே என்றார். இந்த நாட்டில் இந்த வலிக்குக் காரணமான நோயைக் கண்டுபிடிக்கச் சராசரியாக 8 வருடத்துக்கு மேல் ஆகிறது. எனக்கு 11 ஆனது. தொப்புளில் சிறு துளையிட்டுக் கமெரா விட்டுப் பார்த்துச் சொன்னார்கள்: எண்டோமெட்ரியோசிஸ். கருப்பையின் உட்சவ்வைப் போன்ற திசு வெளியே, சூலகத்திலும் குழாய்களிலும் ஒட்டி வளர்கிறது. உடம்பு அதைக் காயமென்று எண்ணி அழற்சியை மூட்டுகிறது. அந்த அழற்சியில் ஊறும் புரொஸ்டாகிளான்டின் அங்கேயே ஈஸ்ட்ரோஜனைக் கூட்டுகிறது. ஈஸ்ட்ரோஜன் திரும்ப அழற்சியைக் கூட்டுகிறது. கருவுக்கு மெத்தை விரிக்கச் சொல்லும் புரொஜெஸ்டிரோனின் பேச்சு கருப்பைக்குச் சரியாகக் கேட்பதில்லை. பத்துப் பெண்களில் ஒருத்திக்கு இந்த நோய். அத்தனை பேரும் போன பிறவியில் ஒரே பாவத்தையா செய்தோம்?

அழற்சி என்ற சொல்லுக்குள்ளேயே அழல் இருக்கிறது. மாதாமாதம் சூலகத்தைத் திறந்து முட்டையை வெளியே விடுவதும் அழற்சி போன்ற ஒரு சிறு தீதான். கரு வந்து ஒட்டவும் அது கொஞ்சம் வேண்டும். என்னை எரிப்பது காவலுக்கு வைத்த நெருப்பு. அணையத் தெரியாமல் நிற்கிறது. அதற்குக் காரணம் உண்டு, குற்றம் இல்லை. வினையையும் நான் அப்படித்தான் விளங்கிக்கொள்கிறேன். விதைத்தது முளைக்கும் என்பது காரணத்தைப் பற்றிய பேச்சு. அதை நோய்ப்பட்டவளின் தலையில் பழியாக இறக்கியவர்கள் நாங்கள். நான் கும்பிடும் முருகனே கருப்பையில் பிறந்தவன் இல்லை, நெற்றிக்கண்ணின் ஆறு பொறிகளில் வந்தவன். அவன் முன்னால் எதற்கு நான் தலை குனிய வேண்டும்?

அன்றிரவு இதையெல்லாம் அம்மாவுக்குப் போனில் சொன்னேன். தாய்க்கு இருந்தால் மகளுக்கும் வரலாம் என்பதையும் சொன்னேன். நெடுநேரம் சத்தமில்லை.

"எனக்கும் அப்பிடித்தான் நொந்தது பிள்ளை," என்றா. "உன்னைப் பெற ஒன்பது வருசம். ஆச்சி என்னை மலடி எண்டுதான் கூப்பிட்டவ."