அறியாமையும் குற்றமாகுமா?

அறியாமல் நேர்ந்த சாவுக்கு மருத்துவர் பொறுப்பாவாரா? கிளாஸ்கோவில் அறுவை மருத்துவர் ஜோசப் லிஸ்டர் 1864, 1866 ஆகிய ஆண்டுகளில் கை, கால் துண்டித்த 35 பேரில் 16 பேர் இறந்தனர். அதற்காக அவரைப் பழிப்பது அநீதி. கெட்ட காற்றால்தான் புண் சீழ்பிடிக்கிறது என்று பெரும்பாலான மருத்துவர்கள் நம்பிய காலம் அது. பிறகு கிருமிகளே காரணம் என்று கருதிய லிஸ்டர், புண்ணையும் கருவிகளையும் கார்பாலிக் அமிலத்தால் சுத்தம் செய்தார். அடுத்த மூன்று ஆண்டுகளில் 40 பேரில் 6 பேரே இறந்தனர்.

1870இல் இந்தக் கணக்கை அவர் வெளியிட்ட பிறகும் பல அறுவை மருத்துவர்கள் மாறவில்லை. கண்ணுக்குத் தெரியாத கிருமியை எப்படி நம்புவது என்றார்கள். நேர்மையான ஐயம்தான். ஆனால் கிருமியை நம்பாதவருக்கும் பிணங்களை எண்ணத் தெரியும். காரணம் முழுதும் விளங்கும்வரை மருத்துவர் சுத்தம் செய்யாமல் காத்திருந்தால் நோயாளிக்கு உயிர் மிஞ்சாது. அந்தக் கணக்கைப் படித்தும் புறக்கணித்தவர்கள், தம் கத்தியால் சீழ்பிடித்து இறந்தவர்களுக்குப் பொறுப்பானவர்களே.