வாசலில் வந்த அதிதி

தட்சிணேசுவரத்தில் காளி தேவிக்கு நிவேதிக்க வைத்திருந்த உணவை ஸ்ரீராமகிருஷ்ணர் ஒருநாள் பூனைக்கு ஊட்டினார். கோயில் நிர்வாகி மதுர்பாபுவுக்குப் புகார்க் கடிதம் எழுதினார். அவரைத் தடுக்க வேண்டாம் என்றே பதில் வந்தது. அன்னையே அனைத்துமாகியிருப்பதைக் கண்டவருக்குப் பூனை வேறு, தேவி வேறு என்று தோன்றவில்லை.

அத்தகைய தரிசனம் எல்லோருக்கும் எளிதில் வாய்ப்பதன்று. எனினும் இல்லறத்தானுக்கு விதிக்கப்பட்ட ஐந்து மகாயக்ஞங்களுள் பூதயக்ஞமும் ஒன்று. பிற உயிர்களுக்கு உணவில் பங்களிப்பதே அது. எலும்பு தெரிய மெலிந்து, காலில் புண்ணோடு வாசலில் ஒதுங்கும் பூனை அந்தப் பங்கைப் பெறவே வருகிறது. 'இருக்கும் வருமானத்தில் இதற்கு இடமேது?' என்ற தயக்கம் இயல்பே. ஆனால் இங்குப் பொருளைவிட அறிவும் பொறுமையுமே மிகுதியாக வேண்டும்.

அட்டைப்பெட்டியும் பழந்துணியும் அதற்குப் படுக்கையாகும். பசும்பால் பல பூனைகளுக்கு வயிற்றுப்போக்கை உண்டாக்கும். உப்பும் வெங்காயமும் சேராமல் வேகவைத்த மீனைச் சிறிது சிறிதாகப் பலமுறை இடுவதே நன்று. புலால் உண்ணாத இல்லத்தார்க்கு இது சங்கடமே. ஆயினும் பூனையின் உடலமைப்பு புலாலுக்கே உரியது. மனிதர் உண்ணும் பாரசிட்டமால் மாத்திரை அதன் உயிரையே பறிக்கும். அரசு கால்நடை மருத்துவமனையில் சிகிச்சைக்குப் பெருஞ்செலவு ஆவதில்லை. பூனை கீறினாலோ கடித்தாலோ, சோப்பிட்டு 15 நிமிடம் கழுவி உடனே மருத்துவரை நாட வேண்டும்.

இவ்வளவும் செய்தும் அது பிழைக்காமற் போகலாம். பலன் இறைவனுடையது, பணி மட்டுமே மனிதனுடையது. கையிருப்புக்கு மேல் கொடுக்கத் தர்மம் எவரையும் பணிக்கவில்லை. கையிலிருப்பதை ஒளிக்காதே என்றே பணிக்கிறது.