இரவும் எச்சரிக்கையும்

சிவராத்திரியன்று உடுவில் ஒழுங்கைகளில் இளைஞர் விழித்திருந்தமை இறைவன்பொருட்டு மட்டுமன்று. படலைகளைக் கழற்றி மறைப்பதும் அயல்வளவில் இளநீர் பறிப்பதும் யாழ்ப்பாணத்தார் நெடுங்காலம் பொறுத்துக்கொண்ட குறும்புகள். மேனாட்டு ஹலோவீன் இரவும் ஏறக்குறைய இத்தகையதே. இவ்விரவுகளில் 'கவனம்' என்னும் அறிவுரை யாரை நோக்கி எழுகின்றது? வெளியே போகாதே என்று பெண்ணுக்கே கூறுகின்றோம். படலை கழற்றுவோனுக்கு எவரும் எதுவும் கூறுவதில்லை. 1824 இல் பெண்களுக்கென விடுதிப் பாடசாலை தோன்றிய ஊரிலும் இதுவே வழக்கு!

தன்னைக் காத்துக்கொள்ளுதல் விவேகம் என்பதை நான் மறுக்கவில்லை. ஆயின், விவேகத்தைப் போதித்துவிட்டால் அறத்தின் கடன் தீர்ந்துவிடுமா? 2022 ஒக்டோபர் 29 அன்று, தென்கொரியத் தலைநகர் சியோலின் இத்தேவோன் பகுதியில் ஹலோவீன் கொண்டாடத் திரண்டோரிடையே, ஒடுங்கிய சந்தொன்றில் ஏற்பட்ட நெரிசல் 159 உயிர்களைப் பறித்தது. ஏன் அங்கே சென்றார்கள் என்றே பலர் வினவினர். நெரிசலுக்கு ஏறத்தாழ நான்கு மணி நேரம் முன்னரே, ஆபத்தை உணர்த்தும் தொலைபேசி அழைப்புகள் பொலிசாருக்குச் சென்றிருந்தன. அங்கிருந்தோர் கவனமாகவே இருந்தனர். அவர்களைக் காக்கவேண்டியோரே கவனிக்கவில்லை.

நம்மூர்க் குறும்பு அத்துணைக் கொடிதன்று. எனினும், தனித்து வாழும் முதியவள் ஒருத்தி விடியலில் தன் படலையைக் காணாது நடுங்குவாளாயின், அதனைக் கழற்றியவன் அவள்முன் நின்று 'விளையாட்டு' என்று சொல்லத் துணிவானா?